பன்னீர் வாலையும் ஹீட்டர் ராடில் பிடிக்கும் படிவும்

வீட்டில் வாலை வைத்து, அதாவது ரோஜாவைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்த ஆவியைக் குளிர வைத்து வடிக்கும் பாத்திரத்தில், பன்னீர் காய்ச்சுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஹீட்டர் ராடு மேல என்னமோ பிடிச்சிருக்கு, எதைப் போட்டுத் தேய்க்கிறது?" தேய்ப்பதற்கு முன்னால் அது என்னவென்று பாருங்கள் என்பதுதான் என் பதில். ராடின் மேல் படிவது இரண்டு வகை. ஒன்று தண்ணீரிலிருந்து வருவது, மற்றது பூவிலிருந்து வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதற்குப் போட்டால் படிவும் போகாது, ராடும் பாழாகும். அதைவிட முக்கியம், படிவு எந்த வகை என்று தெரிந்தால்தான் அது மறுபடி வராமல் இருக்க எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரியும்.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைப் பக்கம். இந்த மாவட்டத்து ரோஜா என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஓசூர்ப் பசுமைக்குடில்கள்தான் நினைவுக்கு வரும். பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக வெளிநாட்டுக்குப் போகும் தாஜ்மகால் ரகம் அங்கேதான் விளைகிறது. நீளமான காம்பு, ஒரே அளவு மொட்டு, பார்க்க அழகு. ஆனால் பன்னீருக்கு அது ஆகாது. மணம் குறைவு, மருந்தும் அடித்திருப்பார்கள். வாலைக்கு வேண்டியது பன்னீர் ரோஜா. பூ சின்னது, இதழ் மெலிது, விடியற்காலையில் பறித்தால் கையெல்லாம் மணக்கும். வெயில் ஏற ஏற அந்த மணம் குறைந்துவிடும் என்பதால் பொழுது விடிவதற்குள் பறித்து முடித்துவிடுவோம். பூக்கட்டுகிறவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் வாலைக்கு வரும்.

என் மாமியார் காலத்தில் செம்புப் பானையும் விறகடுப்பும்தான். அத்தைக்குப் புகை ஒத்துக்கொள்ளாமல் போன பிறகு மின்சாரத்துக்கு மாறினோம். இருபது லிட்டர் ஸ்டீல் டிரம், அதன் பக்கவாட்டில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் 2000 வாட் ராடு, மூடியிலிருந்து போகும் செம்புக் குழாய், அந்தக் குழாய் சுருண்டு இறங்கும் குளிர்ந்த தண்ணீர் அண்டா. மொத்தமும் அவ்வளவுதான். பன்னிரண்டு லிட்டர் தண்ணீரும் மூன்று கிலோ இதழும் போட்டால் மூன்றிலிருந்து நான்கு லிட்டர் வரை நல்ல பன்னீர் இறங்கும். அதற்கு மேல் இறக்கினால் மணம் நீர்த்துப் போகும்.

விறகில் காய்ச்சும்போது இல்லாத தொல்லை மின்சாரத்தில் எப்படி வந்தது என்று நிறையப் பேர் யோசிப்பதில்லை. விறகடுப்பில் பானையின் அகன்ற அடிப்பாகம் முழுவதும் சூடாகிறது. ராடில் அத்தனை சூடும் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் வழியாகத்தான் தண்ணீருக்குள் போக வேண்டும். என் ராடு 8 மில்லிமீட்டர் தடிமன், தண்ணீருக்குள் இருக்கும் நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் மேற்பரப்பு சுமார் 125 சதுர சென்டிமீட்டர். 2000 வாட்டை அதால் வகுத்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 16 வாட். வெறும் தண்ணீரைச் சூடாக்க இது பரவாயில்லை. இதழும் சாறும் கலந்த தண்ணீருக்கு இது மிக அதிகம். இந்த 16 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

முதலில் வெள்ளைப் படிவு.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியின் உட்பக்கம் வெள்ளை வளையம் கட்டும். கெட்டிப்பாறைக்குள் வெகுகாலம் தங்கி ஊறி வரும் தண்ணீர் அது. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக மாறிப் படிகிறது. சர்க்கரை சூட்டில் இன்னும் நன்றாகக் கரையும். இந்தச் சுண்ணாம்பு அதற்கு நேர்மாறு, சூடு கூடக் கூடக் கரையும் அளவு குறையும். அதனால்தான் டிரம்மிலேயே மிகச் சூடான இடமான ராடின் மேல் போய் முதலில் உட்காருகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது அந்த 600-ஐ நெருங்கித்தான் இருந்தது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் படியக்கூடிய சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால்கூட, பன்னிரண்டு லிட்டரில் 6 கிராம். ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்புத் தூள் ஒவ்வொரு காய்ச்சலிலும் டிரம்முக்குள் சேர்கிறது. எல்லாமே ராடில் ஒட்டாது, ஆனாலும் ஒரு பருவம் முழுக்கக் காய்ச்சினால் எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பை மட்டும் பிரித்துக் காட்டாது.

வெள்ளை ஏறியதற்கு அடையாளம் மூன்று. கொதி வர முன்பைவிட நேரம் ஆகும். கொதி வருவதற்கு முன்பே டிரம்முக்குள்ளிருந்து சடசடவென்று ஒரு சத்தம் கேட்கும். அது சுண்ணாம்புத் தோலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி வெடித்து வெளியேறும் சத்தம். மூன்றாவது, ராடு அடிக்கடி எரிந்து போவது. சுண்ணாம்பின் வெப்பம் கடத்தும் திறன் செம்பினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ராடுக்குள் உருவாகும் சூடு வெளியே போக முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. எங்களுக்கு ராடு மாற்றித் தரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: "தண்ணிக்குப் போக வழியில்லைன்னா சூடு கம்பியைத்தான் தின்னும்மா."

அது சுண்ணாம்புதானா என்று உறுதி செய்வது சுலபம். மின்சாரத்தைத் துண்டித்து, ராடு ஆறிய பிறகு அதன் மேல் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், அதாவது அமிலத்தில் கரையக்கூடியது. நுரைக்கவே இல்லை என்றால் அது வேறு. சல்பேட்டாக இருக்கலாம், சிலிக்காவாக இருக்கலாம், அல்லது வெளுத்துப்போன பூக்கசடாக இருக்கலாம். நுரைக்காததை எவ்வளவு எலுமிச்சை போட்டும் எடுக்க முடியாது.

நுரைக்கிறதென்றால் சிட்ரிக் ஆசிட் தூள் போதும். லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை கரைத்து, ராடு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கை பொறுக்காத அளவு சூடாக்கி அப்படியே விட்டுவிட வேண்டும். கொதிக்க வைக்கக் கூடாது. சிட்ரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட்டும் சூட்டில் குறைவாகவே கரையும். கொதிக்க வைத்தால் ஒரு வெள்ளையை எடுக்கப் போய் இன்னொரு வெள்ளை மாவு படியும். மிதமான சூடு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், நுரைப்பது நின்றதும் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல், இதுதான் சரியான முறை. வினிகரும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. அதன் வாடை ரப்பர் வாஷருக்குள் தங்கி அடுத்த பன்னீரில் எட்டிப் பார்க்கும். புளியில் இருப்பதும் அமிலம்தான், செம்புக் குழாயின் வெளிப்பக்கம் துலக்க நாங்கள் இன்றும் புளிதான் வைத்திருக்கிறோம். ராடுக்குப் புளி வேண்டாம், நாரும் சக்கையும் அதன் மேலேயே ஒட்டும்.

இனி பழுப்பும் கறுப்பும். இந்தப் படிவு ராடை மட்டும் கெடுப்பதில்லை, பன்னீரின் மணத்தையும் கெடுத்துவிடுகிறது. எனக்கு அதனால்தான் இதன் மேல் இவ்வளவு கவலை.

ரோஜா இதழில் சர்க்கரை இருக்கிறது, பெக்டின் என்னும் பசைப்பொருள் இருக்கிறது, டானின் என்னும் துவர்ப்புப்பொருள் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் இதழ் வெந்து குழைந்ததும் இவை வெளியே வருகின்றன. குழைந்த இதழ் ஒன்று ராடின் மேல் போய்ப் படுத்துக்கொண்டால், அந்த இடத்தில் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். கிளறாமல் விட்ட பால் அடிப்பிடிப்பது போலத்தான் இதுவும். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் போகாது, ஆனால் இதழுக்கு அடியில் இருக்கும் ராடுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதலில் பழுப்புப் பசையாக ஒட்டும். அடுத்த காய்ச்சலில் அது கருகிக் கறுப்பு ஓடாகும். அந்தக் கருகல் வாடை ஆவியோடு ஏறிக் குழாய் வழியாகப் பன்னீருக்குள் வந்துவிடும். ஒருமுறை பன்னீரில் தீய்ந்த வாடை ஏறினால் மறுபடி காய்ச்சியும் அது முழுமையாகப் போவதில்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3,000 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும். அவ்வளவு கொஞ்சமாகவே பூவில் இருக்கும் மணத்தின் மேல் தீய்ந்த வாடை ஏறுவதைப் பார்க்க மனசு கேட்காது.

பழுப்புப் படிவைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி இது. மரக்குச்சியால் கொஞ்சம் சுரண்டி, பழைய எவர்சில்வர் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டுங்கள். புகைந்து, கறுத்து, தீய்ந்த சர்க்கரை வாடை வந்தால் அது பூவிலிருந்து வந்தது. நிறம் மாறாமல் வெள்ளையாகவே கிடந்தால் தண்ணீரிலிருந்து வந்தது. பாதி கறுத்துப் பாதி வெள்ளையாக நின்றால் இரண்டும் கலந்தது. எங்கள் பக்கத்து வாலைகளில் நான் பார்த்தவற்றில் அதிகமும் இந்த மூன்றாவது வகைதான்.

அதற்குக் காரணம் இருக்கிறது, இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். புது ராடு வழவழப்பாக இருக்கும், இதழ் அதில் நிற்காமல் வழுக்கிவிடும். சுண்ணாம்பு படிந்ததும் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. அந்தச் சொரசொரப்பில் பூக்கசடு பிடித்துக்கொள்கிறது. கருகிய கசட்டின் மேல் மறுபடி சுண்ணாம்பு, அதன் மேல் மறுபடி கசடு. உடைத்துப் பார்த்தால் வெள்ளையும் கறுப்புமாக அடுக்கடுக்காக இருக்கும். ஆகவே தண்ணீரைச் சரி செய்யாமல் பூக்கருகலை மட்டும் நிறுத்திவிட முடியாது. "எனக்குக் கறுப்புதான் பிரச்சினை, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன பல பேருடைய ராடில் கறுப்புக்கு அடியில் சுண்ணாம்புதான் இருந்தது.

கலப்புப் படிவை எடுக்க ஒரு வரிசை உண்டு. முதலில் காரம், அப்புறம் அமிலம். கறுப்பு ஓடு மேலே மூடிக்கொண்டிருக்கும் வரை சிட்ரிக் ஆசிட் உள்ளே போய்ச் சுண்ணாம்பைத் தொடவே முடியாது. அதனால் முதலில் சலவை சோடா, லிட்டருக்கு ஒரு குவித்த மேசைக்கரண்டி அளவு. ராடை வைத்தே நன்றாகச் சூடாக்கி, மின்சாரத்தை நிறுத்தி, இரவு முழுக்க ஊற விடுவேன். ஆப்ப சோடாவும் உதவும், ஆனால் அதன் காரம் குறைவு. காலையில் பார்த்தால் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், ஓடு இளகிக் குச்சியால் தள்ளினாலே உரியும். அதைக் கொட்டிவிட்டு, சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவிய பிறகுதான் சிட்ரிக் ஆசிட். நடுவில் கழுவாமல் ஊற்றினால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும், நுரை மட்டும் பொங்கும். கடைசியில் இன்னும் கறுப்பு மிச்சம் இருந்தால் இதே வரிசையை மறுபடி செய்ய வேண்டும், அவசரப்படக் கூடாது. சலவை சோடாவைத் தொடும்போது கையுறை போடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் அதை ஊற்றவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவைதான் முதலில் கைக்கு வரும். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், உண்மைதான். ஆனால் அதில் உள்ள குளோரைடு ஸ்டீலின் மேல் ஊசித்துளை போலக் குழி பறிக்கும். அந்தக் குழி ராடின் உறையைத் தாண்டிவிட்டால் தண்ணீர் உள்ளே போகும், தண்ணீருக்குள் மின்சாரம் வரும். அந்த ஆசிட்டை பிளீச்சிங் பவுடரோடு யாராவது சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும். கம்பி ஸ்கிரப்பர், கத்தி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த சுண்ணாம்பு முதலில் பிடிக்கும். செம்பு ராடாக இருந்தால் மேல்பூச்சும் போய்விடும். தேங்காய் நாரும் மரக்குச்சியும் போதும்.

காய வைத்து எரித்துவிடலாம் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. எங்கள் உறவில் ஒருவர் தண்ணீரில்லாமல் ராடுக்கு மின்சாரம் கொடுத்துப் படிவை எரித்துத் தள்ளப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ராடு செக்கச்சிவந்து, உறை வெடித்துவிட்டது. தண்ணீரில் மூழ்கி வேலை செய்யும் ராடு தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூடத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது அந்த 16 வாட் கணக்குக்கு வருவோம். படிவை எடுப்பது ஒரு வேலை, வராமல் தடுப்பது இன்னொரு வேலை. எனக்குப் பெரிய மாற்றம் தந்தது இரண்டாவதுதான்.

எலக்ட்ரீஷியன் அண்ணனிடம், "அண்ணே, இதழ் கருகாம இருக்க ராடு சூட்டைக் குறைக்க வழி இருக்கா?" என்று கேட்டபோது, அவர் இன்னொரு அதே மாதிரி 2000 வாட் ராடை வாங்கி வரச் சொன்னார். இரண்டு ராடு போட்டால் சூடு கூடத்தானே செய்யும் என்று எனக்குக் குழப்பம். அவர் இரண்டையும் தொடராக, அதாவது ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு இணைத்தார். அப்படி இணைத்தால் 230 வோல்ட் இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரிகிறது. வோல்டேஜ் பாதியானால் ராடு தரும் சூடு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆக ஒவ்வொரு ராடும் 500 வாட், இரண்டும் சேர்ந்து 1000 வாட். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 16 வாட்டாக இருந்தது 4 வாட்டாகக் குறைந்துவிட்டது.

நேரம் கூடும், அதை மறைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு லிட்டர் கொதிக்க முன்பு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது, இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 1000 வாட்டில் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகத்தான் பன்னீர் சொட்டும். மெதுவாக இறங்கும் பன்னீரே மணமாக இருக்கும் என்று அத்தை விறகுக் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார், ஆகவே வீட்டில் யாருக்கும் இதில் குறையில்லை. இந்த இணைப்பை நீங்களே செய்யாதீர்கள். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து, எர்த் இணைப்போடு செய்யுங்கள்.

அடுத்தது இதழையும் ராடையும் பிரிப்பது. இட்லித் தட்டு மாதிரி துளையிட்ட ஒரு ஸ்டீல் தட்டை மூன்று காலில் நிறுத்தி, ராடுக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் வைத்திருக்கிறோம். அதன் மேல் மல் துணி. இதழ் தட்டுக்கு மேலே தண்ணீரில் மிதக்கும், ராடு கீழே தனியாக இருக்கும். தண்ணீரைக் குறைத்து இதழை ஆவியில் மட்டும் வேக வைக்கலாமே என்று கேட்பார்கள். எலுமிச்சம்புல்லுக்கு அது நன்றாக வரும். ரோஜா இதழ் ஆவியில் சுருண்டு ஒரே கட்டியாகிவிடும், ஆவி அதற்குள் நுழையாமல் ஓரமாகத் தப்பித்துப் போய்விடும். உத்தரப் பிரதேசத்து கன்னோஜில் அத்தர் வடிக்கிறவர்களும் ரோஜாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் காய்ச்சுகிறார்கள். தட்டு வைத்தாலும் மகரந்தமும் இதழ்த் துணுக்கும் கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும். அதனால் பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் தாதையும் பச்சைப் புல்லிகளையும் ஆய்ந்து எடுத்துவிட்டு இதழை மட்டும் போடுங்கள். வேலை கூடுதல்தான், ஆனால் ராடில் பழுப்புப் பிடிப்பது அதிலேயே கண்கூடாகக் குறைந்தது.

தண்ணீர் மட்டமும் கவனம். பன்னீர் இறங்க இறங்க டிரம்மில் தண்ணீர் குறைகிறது. ராடின் ஒரு ஓரம் வெளியே தலை காட்டினாலும் அங்கே இருப்பதெல்லாம் கருகும். நான்கு லிட்டர் இறக்கிய பிறகும் ராடு முழுக்க நன்றாக மூழ்கியிருக்கிற மாதிரிதான் ஆரம்பத்திலேயே ஊற்ற வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. மழைநீருக்கு நிகர் எதுவுமில்லை. முதல் மழையை ஓட விட்டு, கூரை கழுவப்பட்ட பிறகு பிடித்து, மல் துணியில் வடிகட்டி மூடி வைத்தால் அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய இருக்காது. மழைநீர் தீர்ந்துவிட்டால் ஒகேனக்கல் தண்ணீர். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், நம் இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரின் ஃபுளோரைடால் பல் பழுத்து எலும்பு வளைந்ததற்குத் தீர்வாக வந்தது. அந்தக் காவிரித் தண்ணீர் எங்கள் போர் தண்ணீரைவிட மென்மையானது என்பது டிரம்முக்குள் பார்த்தாலே தெரிகிறது. ஆர்.ஓ. தண்ணீரும் நல்லதுதான். எதுவும் கிடைக்காமல் போர் தண்ணீரையே எடுக்க வேண்டி வந்தால், முதல் நாளே வேறு பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரவு தெளியவிட்டு, அடி கலங்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். பைகார்பனேட்டாக இருக்கும் கடினத்தன்மை அந்தப் பாத்திரத்திலேயே பெரும்பகுதி படிந்துவிடும்.

தண்ணீர் மாறியதை டிரம்முக்குள் இருக்கும் சாறும் காட்டிக்கொடுக்கும். மழைநீரில் காய்ச்சினால் அது செந்நிறமாகவே இருக்கும். போர் தண்ணீரில் காய்ச்சினால் மங்கி, ஊதா கலந்த பழுப்பாகிவிடும். கொதித்த போர் தண்ணீரில் காரத்தன்மை ஏறுவதால் இதழின் நிறமி மாறுவதுதான் காரணம்.

இதிலே சமையலறைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. கொதிக்க வைப்பதால் சுண்ணாம்பு குறையும், ஃபுளோரைடு குறையாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் செறிவாகும். வாலையில் ஆவியாக ஏறி இறங்கும் பன்னீரில் அது வராது, டிரம்மின் அடியில் நிற்கும் தண்ணீரில்தான் எல்லாம் தங்கும். போர் தண்ணீரில் காய்ச்சியிருந்தால் அந்த மிச்சத் தண்ணீரை மாட்டுக்கும் வைக்காதீர்கள், சமையலுக்கும் எடுக்காதீர்கள். நாங்கள் சக்கையை வடித்து எருக்குழியில் போட்டுவிட்டுத் தண்ணீரைத் தோட்டத்தின் ஓரத்தில் கொட்டிவிடுவோம்.

அந்த மிச்சத்தை எப்போது கொட்டுகிறோம் என்பதும் ராடின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. காய்ச்சி முடித்த களைப்பில் "நாளைக்குக் கழுவிக்கலாம்" என்று விட்டால், ராடின் மேல் இருக்கும் சாறு காய்ந்து வார்னிஷ் மாதிரி பிடித்துக்கொள்ளும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிரம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொட்டி, வெந்நீர் விட்டு அலசி, ராடை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் அன்றைக்குப் பிடித்தது அன்றைக்கே போய்விடும். இதைச் செய்கிறவர்களுக்குச் சலவை சோடா தேவைப்படுவதே அபூர்வம்.

மின்சாரத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வாலை வைத்திருக்கும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச், இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. ராடுக்குள் இருப்பது நிக்ரோம் கம்பி. அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள், அதற்கு மேல் உலோக உறை. உறையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும், மின்சாரம் கசியும். ஆர்.சி.சி.பி. விழுந்தால் "சும்மா விழுது" என்று மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள். படிவு ஏறிய ராடு அதிகச் சூட்டில் உறை வெடித்திருக்கலாம் என்பதற்கு அது முதல் அடையாளம். எலக்ட்ரீஷியனிடம் மின்கசிவைச் சோதிக்கும் மெக்கர் என்ற கருவி இருக்கும், அதை வைத்துப் பார்த்தால் ராடு நல்லதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். கசிகிற ராடைக் கழுவிக் காப்பாற்ற நினைக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

டிரம், செம்புச் சுருள், ஆவி என்று பார்த்தால் ஊரில் யாராவது சாராயமா என்று கேட்கத்தான் செய்வார்கள். வீட்டில் சாராயம் காய்ச்சுவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அத்தனை குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசக்கூட எனக்கு விருப்பமில்லை. எங்கள் வாலையில் பூவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. கேட்பவர்களுக்கு டிரம்மைத் திறந்தே காட்டிவிடுவோம்.

கழுவி முடித்ததும் பூ போடாமல் வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவிட்டு, குழாய் வழியாக அரை லிட்டர் இறக்கிக் கொட்டிவிடுங்கள். சோடா வாடையும் செம்புக் குழாயில் இருக்கும் பச்சைக் களிம்பும் அதில் வந்துவிடும். கொட்டுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். தெளிவாக, வாடையே இல்லாமல் இருந்தால் வாலை தயார். லேசாகப் பச்சை தெரிந்தால் குழாய்க்குள் வெதுவெதுப்பான சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றி வடித்துவிட்டு மறுபடி வெறும் தண்ணீர் இறக்க வேண்டும்.

புது ராடு வாங்கப் போகிறவர்கள் கடையில் வாட்டை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒரே வாட்டில் எது நீளமானதோ, எத்தனை மடிப்பு மடித்ததோ அதைக் கேளுங்கள். நீளம் கூடினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் வரும் சூடு குறையும். மடிப்புகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் அங்கே சிக்கும் இதழை எடுக்கவே முடியாது.

கழற்றி மாட்டும்படி மரை வைத்த ராடாக இருந்தால் இன்னும் நல்லது, வெளியே எடுத்துத் தனியாக ஊற வைக்கலாம். வாஷர் சிலிக்கானா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் வாஷர் சூட்டில் இறுகிவிடும், பன்னீரிலும் ரப்பர் வாடை ஏறும்.